காரில் மிட்பேஸ் வரவில்லையா? ஸ்பீக்கரை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

“சப் நல்லா அடிக்குது, ட்வீட்டர் பளிச்சுன்னு இருக்கு, ஆனா நடுவுல என்னமோ இல்ல.” கார் ஆடியோ பற்றி என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சப் என்பது ஆழ்ந்த பேஸுக்கான சப்வூஃபர், ட்வீட்டர் கீச்சொலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர். இரண்டுக்கும் நடுவில் காணாமல் போன அந்த ‘என்னமோ’தான் மிட்பேஸ். ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸிலிருந்து 250, 300 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. கிக் டிரம் நெஞ்சில் தட்டுவது, பேஸ் கிட்டாரின் கம்பி விரல்பட்டுத் துடிப்பது, மிருதங்கத்தின் தொப்பி ‘தும்’ என்று விழுவது, ஆண் குரலின் கனம் எல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றன. இது போய்விட்டால் பாட்டுக்கு உடம்பே இல்லாமல் போகிறது.

இதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. மிட்பேஸ் கேட்காத கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் அதை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. நம் காதுக்கு வருமுன் அது வழியில் அழிகிறது. கதவுக்குள்ளேயே அழியலாம், இரண்டு பக்க ஸ்பீக்கர்களுக்கு நடுவில் அழியலாம், சப்வூஃபரோடு மோதி அழியலாம். எங்கே அழிகிறது என்று பார்க்காமல் புது ஸ்பீக்கர் போட்டால், அதன் மிட்பேஸும் அதே இடத்தில்தான் அழியும். இரண்டு ஜோடி மாற்றிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கார் எப்படிக் கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பத்தியை மட்டும் தாண்ட வேண்டாம்.

தொடங்கும் முன்

ஈக்யூவில் (ஒவ்வொரு அதிர்வெண் பகுதியின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட், சரவுண்ட் மாதிரி எது இருந்தாலும் அணையுங்கள். சப்பை அணையுங்கள். முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளுங்கள். வண்டி நின்றபடி இருக்கட்டும்; ஜன்னல் மூடி, ஏசி விசிறி நின்றிருக்கட்டும். கையில் ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பென் பேட்டரி, ஃபோனில் ஒரு ஆர்.டி.ஏ. ஆப் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று கோடாகக் காட்டுவது), அப்புறம் 60, 80, 100, 125, 160, 200, 250, 300 ஹெர்ட்ஸ் டோன்களும் ஒரு மோனோ பிங்க் நாய்ஸும் (எல்லா அதிர்வெண்ணும் கலந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் இரைச்சல்) இருந்தால் போதும். ஃபோன் மைக் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் ஃபோனை ஒரே இடத்தில் வைத்து ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிட அது தாராளமாக உதவும். டோன்களைப் பேச்சுச் சத்த அளவில், சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். ஒரே அதிர்வெண்ணை அலறவிட்டால் ஸ்பீக்கர் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் சூடேறும்.

பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் கூடுகிறது, நடுவில் வைத்தால் மெலிகிறது

நான் எந்தக் காரில் உட்கார்ந்தாலும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். மோனோ பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பேலன்ஸை முழுக்க இடது, முழுக்க வலது, பிறகு நடு என்று மாற்றுங்கள். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் சத்தம் கூட வேண்டும். சேரும்போது பேஸ் குறைந்தால் ஒன்றையொன்று அவை வெட்டுகின்றன. ஒன்று காற்றை முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கிறது.

முதல் சந்தேகம் போலாரிட்டி. ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஸ்டீரியோ மாற்றும்போது இது சாதாரணமாக நடக்கும். ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) பக்கம் வயரைக் கழற்றிவிட்டு, அந்த வயர் நுனிகளில் பென் பேட்டரியைப் பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் கூம்பு வெளியே குதிக்க வேண்டும். உள்ளே போனால் வழியில் எங்கோ வயர் மாறியிருக்கிறது. ஸ்பீக்கரின் முனையில் பார்ப்பதைவிட ஆம்ப் முனையிலிருந்து பார்ப்பது நல்லது. நடுவில் உள்ள எல்லா இணைப்பும் சேர்ந்தே சோதனைக்கு வந்துவிடும். ட்வீட்டரில் இதைச் செய்யவே வேண்டாம்.

போலாரிட்டி சரியாகவே இருந்தும் இதே அறிகுறி நீடிக்கலாம். காரணம் நீங்கள் உட்காரும் இடம். ஓட்டுநருக்குப் பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர், எதிர்க் கதவு ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50 செ.மீ. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதனால் 343 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சரியாக 1 மீட்டர். 50 செ.மீ. என்றால் அரை அலை. அந்த அதிர்வெண்ணில் இரண்டும் நேர் எதிராக மோதுகின்றன. 170 ஹெர்ட்ஸ் வாக்கில் கால் அலை வித்தியாசம். அங்கே முழு வெட்டு இல்லாவிட்டாலும் இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் கிடைக்க வேண்டிய கூடுதலில் பாதிதான் கிடைக்கும். இதற்கு மேல் கண்ணாடியும் டேஷ்போர்டும் கன்சோலும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், வெட்டு இன்னும் கீழேயும் இறங்கி வரும்.

இதைக் காதாலேயே பிடிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, இருக்கையில் உட்கார்ந்தபடி தலையை மெதுவாக நடுக் கன்சோலுக்கு மேல் கொண்டுபோங்கள். காரின் நடுக்கோட்டில் இரண்டு ஸ்பீக்கரும் சம தூரம். அங்கே போனதும் பேஸ் பொங்கி எழுந்து, திரும்ப உங்கள் இடத்துக்கு வந்ததும் வடிந்துவிட்டால், உங்கள் ஸ்பீக்கர்களில் பழுதில்லை. பிரச்சினை தூரத்தில்தான். முதல் முறை இதைச் செய்து பார்த்தபோது கால் மணி நேரம் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

டி.எஸ்.பி.யோ (சிக்னலைச் சீர்செய்யும் டிஜிட்டல் கருவி) டைம் அலைன்மென்ட் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித் தாமதம் கொடுக்கும் வசதி) உள்ள ஸ்டீரியோவோ இருந்தால் தீர்வு எளிது. 1 மில்லிசெகண்ட் என்பது 34.3 செ.மீ. ஆகவே பக்கத்து ஸ்பீக்கருக்கு 50 ÷ 34.3, அதாவது சுமார் 1.46 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். அங்கிருந்து சிறு சிறு படியாக ஏற்றி இறக்கி, மோனோ பிங்க் நாய்ஸில் எங்கே கனம் அதிகமோ அங்கே நிறுத்துங்கள். டேப் அளவு ஆரம்பப் புள்ளிதான், முடிவு காதில்.

அந்த வசதி இல்லாதவர்கள் ஒரு பக்கத்தின் வயரை வேண்டுமென்றே திருப்பிப் போடுவதுண்டு. ஓட்டுநர் இருக்கையில் பேஸ் கூடும்தான். ஆனால் அந்த ஸ்பீக்கரே குரலையும் பாடுவதால், பாடகர் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறிவிடுவார். மிட்பேஸுக்கென்று தனிச் சேனல் இருந்தால் மட்டும் அதைத் திருப்புங்கள். காம்பொனென்ட் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனி), கோஆக்சியல் (இரண்டும் ஒன்றாக) இரண்டிலும் நான் இதைச் செய்வதில்லை.

டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போல் இருக்கிறது, வால்யூம் ஏற்றினாலும் கனம் வரவில்லை

ஒரு பக்கம் மட்டும் ஓடவிட்டாலும் பேஸ் இல்லையென்றால் குற்றவாளி கதவு.

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது அதன் முதுகுப் பக்கம் அதே அளவு காற்றை இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் நேர் எதிரானவை. இரண்டும் சந்தித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. அதிர்வெண் குறையக் குறைய இந்தச் சந்திப்பு இன்னும் சுலபமாக நடக்கும். அதனால்தான் குரல் தெளிவாக இருந்தும் அடி மட்டும் காணாமல் போகிறது. ஸ்பீக்கரைக் கையில் பிடித்து ஓடவிட்டால் பேஸே வராததும் இதனால்தான்.

காரின் கதவு அசப்பில் ஒரு பெட்டி மாதிரி இருந்தாலும், பெட்டி அல்ல. வெளித் தகடு ஒன்று, உள் தகடு ஒன்று. ஜன்னல் மோட்டாரையும் பூட்டையும் உள்ளே நுழைக்க உள் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பல கார்களில் அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே ஒட்டியிருக்கும். தண்ணீருக்கு அது தடை, ஒலிக்கு இல்லை. முதுகு அலை அந்த ஓட்டை வழியாக டோர் பேடுக்குள் (கதவின் உட்பக்க மூடு பலகை) வந்து, ஸ்பீக்கர் கிரில், கைப்பிடி இடுக்கு, கீழ்ப் பை என்று கிடைத்த வழியில் காருக்குள் வந்து முன் அலையைத் தின்றுவிடுகிறது.

டோர் பேடைக் கழற்றிவிட்டு, பாட்டு ஓடும்போதே ஒரு தடித்த அட்டையை அந்தப் பெரிய ஓட்டையின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். எடுங்கள். மறுபடி அழுத்துங்கள். அழுத்தும் ஒவ்வொரு முறையும் கிக் டிரம் ‘டக்’கிலிருந்து ‘தொம்’முக்கு மாறுவதைக் கேட்பீர்கள். அட்டை வழியாக உள்ளங்கையில் துடிப்பும் தெரியும். அந்தத் துடிப்புதான் இத்தனை நாள் நீங்கள் கேட்காமல் போன மிட்பேஸ். நான் யாருக்கும் நீளமாக விளக்குவதில்லை. அட்டையை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.

சரிசெய்ய, ஸ்பீக்கரில் தொடங்கி வெளியே வாருங்கள்.

ஸ்பீக்கர் உட்காரும் வளையம் முதலில். கம்பெனி பிளாஸ்டிக் அடைப்புகள் நெளியக்கூடியவை, விளிம்பில் இடைவெளி விடும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திய பலகை) வளையம் விலைக்கு நன்று, ஆனால் கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். பெயின்ட்டோ ரெசினோ பூசாத எம்.டி.எஃப். ஊறி உப்பிவிடும், திருகும் பிடிப்பு விடும். கெட்டி பிளாஸ்டிக், அலுமினியம் அல்லது நன்றாகப் பூச்சடித்த பிளைவுட் வளையம் நீடிக்கும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கேஸ்கெட், ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவில் இன்னொன்று.

அடுத்து அந்தப் பெரிய ஓட்டைகள். டேம்பிங் ஷீட்டை (தகடு அதிராமல் அடக்கும் ஒட்டுத்தாள்) மட்டும் ஓட்டையின் மேல் இழுத்து ஒட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது பறையின் தோல் மாதிரி தானே அதிரும். வெயிலில் தொய்ந்தும் போகும். 1 மி.மீ. அளவு அலுமினியத் தகட்டை ஓட்டைக்கேற்ப வெட்டித் திருகிவிட்டு, விளிம்பில் பியூட்டைல் (பசைபோல் ஒட்டும் ரப்பர்) கயிறு வைத்து, மேலே ஷீட்டை ஒட்டுங்கள். நாளைக்கு ஜன்னல் மோட்டார் பழுதானால் திருகைக் கழற்றினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இன்னொன்று இதைவிட முக்கியம். சில புதிய கார்களில் பக்கவாட்டு மோதலை அறிய, கதவுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அப்படிப்பட்ட கதவில் உள் தகட்டை வெட்டுவதோ புது ஓட்டை போடுவதோ ஏர்பேக் வேலை செய்வதைப் பாதிக்கலாம். சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

பிறகு வெளித் தகடு. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டங்ங்’ என்று இழுத்தால் அது ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. டேம்பிங் ஷீட் ஒட்டிய பிறகு ‘டொக்’ என்று செத்த சத்தம் வர வேண்டும். இதற்குக் கதவு முழுவதும் மூட வேண்டியதில்லை. தகட்டின் நடுவே கால்வாசி முதல் பாதி வரை மூடினாலே தகடு அடங்கிவிடும். மிச்ச ஷீட் கதவுக்கு எடைதான். ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஷீட்டின் மேலுள்ள கட்ட அச்சு மறையும் வரை ரோலரால் அழுத்துங்கள். அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி கீறும், கையுறை போடுங்கள்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் இடம். ஸ்பீக்கர் முகத்துக்கும் டோர் பேடின் கிரில்லுக்கும் நடுவே 2, 3 செ.மீ. இடைவெளி இருக்கும். முன் அலையில் ஒரு பங்கு கிரில் வழியாக வெளியே வராமல் பேடுக்குப் பின்னால் நுழைந்து அதை உதறவைக்கிறது. ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் ஒட்டி, பேடை மாட்டும்போது அது கிரில்லின் பின்புறத்தில் சற்று நசுங்கி அமரும்படி செய்யுங்கள். ஒரு சாண் ஃபோம் துண்டு இவ்வளவு செய்யுமா என்று தோன்றும். செய்கிறது.

பேடை மாட்டும் முன் ஜன்னலை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி காந்தத்தில் இடிக்கிறதா, பூட்டுக் கம்பி தகட்டில் உரசுகிறதா என்பது இப்போதே தெரிந்துவிட வேண்டும்.

சப்பை ஆன் செய்தால் அடி காணாமல் போகிறது, அல்லது அடி பின்னாலிருந்து வருகிறது

சப் இல்லாமல் நன்றாக இருந்த கிக் டிரம், சப் சேர்ந்ததும் குழைந்தால், கதவு ஸ்பீக்கரும் சப்பும் ஒட்டும் இடத்தில் இரண்டும் எதிர் எதிராக ஓடுகின்றன. அடி பின்னாலிருந்து வருவது வேறு கதை. மிட்பேஸ் போதாததை ஈடுகட்ட யாரோ சப்பின் லோ பாஸை (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை மட்டும் விடும் ஃபில்டர்) 120, 150 என்று ஏற்றி வைத்திருப்பார்கள். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போகச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடும். டிரம்மர் டிக்கிக்குள் போய்விடுவார்.

ஆரம்ப அமைப்பாக இதை வையுங்கள்: கதவுக்கு ஹை பாஸ் (மேலே உள்ளதை மட்டும் விடும் ஃபில்டர்) 80, சப்புக்கு லோ பாஸ் 80, இரண்டிலும் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற ஃபில்டர் வகையில் 24 டெசிபெல் ஸ்லோப் (ஒலியை வெட்டும் சரிவு). இந்த வகையில் சந்திக்கும் புள்ளியில் இரண்டும் 6 டெசிபெல் இறங்கி, ஒரே ஃபேஸில் (முன்னும் பின்னும் சேர்ந்தே அசைந்து) இருந்து, கூட்டினால் சமமாகும். 12 டெசிபெல் லிங்க்விட்ஸ்-ரைலி மட்டும் உள்ள ஆம்ப் என்றால், அங்கே இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். ஆகவே சப்பின் போலாரிட்டியைத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம். ‘வயர் சரியாகத்தான் இருக்கிறது’ என்பது இங்கே காதில் விழும் உண்மைக்கு ஈடாகாது.

ஒட்டவைக்கும் முறை: 80 ஹெர்ட்ஸ் டோன். கதவு மட்டும் ஓடும்போதும் சப் மட்டும் ஓடும்போதும் ஃபோனில் அளவு ஏறக்குறைய சமமாக இருக்கும்படி சப்பின் கெயினை (ஆம்ப்பில் சத்த அளவை அமைக்கும் திருகு) வையுங்கள். இப்போது இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, சப்பின் போலாரிட்டியைத் திருப்புங்கள். எதில் சத்தம் அதிகமோ அது சரியான பக்கம். டைம் டிலே இருந்தால் இன்னும் நுணுக்கமாகப் போகலாம். சப் பெரும்பாலும் தூரத்தில் இருப்பதால் முன்பக்கத்தைத் தாமதிக்க வேண்டும். சப் 220 செ.மீ., கதவு 90 செ.மீ. என்றால் 130 ÷ 34.3, சுமார் 3.8 மில்லிசெகண்ட். பெட்டியும் ஃபில்டரும் தம் பங்குக்குத் தாமதம் சேர்ப்பதால் சரியான எண் இதிலிருந்து கொஞ்சம் நகரும். அதைப் பிடிக்க ஒரு தந்திரம்: போலாரிட்டியை வேண்டுமென்றே தவறான பக்கம் வைத்துவிட்டு, அரை அரை மில்லிசெகண்டாக மாற்றி, டோன் எங்கே மிகவும் அமுங்குகிறதோ அந்த எண்ணில் நிறுத்துங்கள். பிறகு போலாரிட்டியைச் சரியான பக்கம் திருப்புங்கள். உச்சத்தைக் காது குத்துமதிப்பாகத்தான் சொல்லும். பள்ளத்தை மிகத் துல்லியமாகப் பிடிக்கும்.

முடிந்ததும் சப்பை வழக்கத்தைவிட 5, 6 டெசிபெல் குறைத்து ஒரு வாரம் கேளுங்கள். மூடிய கேபினே ஆழ்ந்த பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அதே உதவி மிட்பேஸுக்குக் கிடைப்பதில்லை. அதனால் ‘மிட்பேஸ் குறைவு’ என்று தோன்றும் பல கார்களில் உண்மையில் சப்தான் அதிகம்.

மெதுவாக வைத்தால் நன்றாக இருக்கிறது, சத்தம் ஏற்றினால் பேஸ் மட்டும் நின்றுவிடுகிறது

கம்பெனி ஸ்டீரியோவாக இருந்தால் முதலில் அதையே சந்தேகியுங்கள். சிறிய ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, வால்யூம் ஏற ஏற பேஸைக் குறைக்கும்படி பல ஸ்டீரியோக்களை அமைத்திருக்கிறார்கள். நீங்கள் ஆம்ப் போட்டாலும் அதற்குப் போவது அந்தக் குறைத்த சிக்னல்தான்.

ஸ்பீக்கர் வயரில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 60 ஹெர்ட்ஸ் டோனில் வால்யூமை இரண்டிரண்டு படியாக ஏற்றி ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 300 ஹெர்ட்ஸில் அதையே செய்யுங்கள். சாதாரண மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டலாம், அதனால்தான் 300. 300 ஏறிக்கொண்டே போக, 60 பாதி வழியில் தேங்கினால் விடை கிடைத்துவிட்டது. இதைச் சமன்செய்யும் டி.எஸ்.பி. போடலாம், அல்லது பேஸ் குறையாத கடைசி வால்யூம் எண்ணில் ஸ்டீரியோவை நிறுத்திவிட்டு ஆம்ப் கெயினை அதற்கேற்ப அமைக்கலாம்.

ஸ்டீரியோவே நேராக ஸ்பீக்கரை ஓட்டினால், பெட்டியில் ‘50 × 4’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 14.4 வோல்ட்டில் 4 ஓமுக்குக் கோட்பாட்டின்படியே கெடாத சைன் அலையில் 26 வாட்தான் கிடைக்கும். இழப்புகள் போக அதற்கும் கீழே. மிட்பேஸுக்குத்தான் பவர் பசி அதிகம். 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட், 6 டெசிபெல் என்றால் நான்கு மடங்கு. ஈக்யூவில் 100 ஹெர்ட்ஸை 6 ஏற்றியவர்கள் அந்த இடத்தில் ஆம்ப்பிடம் நான்கு மடங்கு கேட்கிறார்கள். அது கொடுக்க முடியாமல் அலையின் தலையை வெட்டுகிறது; காதுக்கு அது ‘கரகர’ என்று வருகிறது.

பவர் இருந்தும் திணறினால் கூம்பைப் பாருங்கள். ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஹை பாஸ் போடாமல் 40 ஹெர்ட்ஸையும் கதவுக்கு அனுப்பினால், காதுக்குச் சரியாக எட்டாத அந்த ஆழத்துக்காகவே கூம்பு தன் முழு ஓட்டத்தையும் செலவழித்து, 100 ஹெர்ட்ஸுக்கு இடமில்லாமல் நிற்கும். 60லிருந்து 80க்கு ஹை பாஸை ஏற்றினால் அடிமட்டத்தில் ஓட்டம் ஏறக்குறைய பாதியாகும். பேஸைக் குறைப்பது போலத் தோன்றும் இந்த மாற்றம், சத்தமாகக் கேட்பவர்களுக்குப் பேஸைக் கூட்டியே தருகிறது.

ஸ்பீக்கர் வயர் தடிமனைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். 16 கேஜ் செப்பு வயர் 5 மீட்டர் ஓடினால் போகவர 0.13 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.3 டெசிபெல்லுக்கும் கீழே. யாருக்கும் கேட்காது. ஆம்ப்புக்குப் போகும் பவர் வயரும் எர்த்தும்தான் முக்கியம். அடி விழும் நேரத்தில் ஆம்ப் முனையில் வோல்ட் 12க்குக் கீழே சரிந்தால் எர்த் புள்ளியில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள்.

கும்மென்று இருக்கிறது, ஆனால் அடி இல்லை

100லிருந்து 200 வரை டோன்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் திடீரென்று எகிறும், பெரும்பாலும் 125க்கும் 200க்கும் நடுவில். டோர் பேடில் கை வைத்துப் பாருங்கள். அதே டோனில் அது துடித்தால் டேம்பிங் வேலை பாக்கி இருக்கிறது. கை அமைதியாக இருந்தால் அது கேபினின் குணம். ஈக்யூவில் அந்த ஒரு இடத்தை மட்டும் 3, 4 டெசிபெல் இறக்குங்கள். பின் ஸ்பீக்கர்களையும் மறக்காதீர்கள். இதுவரை ஃபேடரை முன்னால் வைத்துத்தான் சோதித்தோம். நடுவுக்குக் கொண்டுவந்ததும் குழைந்தால், அவற்றுக்கு 200 வாக்கில் ஹை பாஸ் போட்டு, சத்தத்தையும் குறைத்துவிடுங்கள். முன்னிருக்கையில் கேட்பவருக்குப் பின்னாலிருந்து வரும் மிட்பேஸால் ஒரு நன்மையும் இல்லை.

கதவு படபடக்கிறது

60லிருந்து 300 வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் ஒன்றை ஓட்டி, இன்னொருவரைப் பேடின் ஒவ்வொரு மூலையிலும் அழுத்தச் சொல்லுங்கள். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே கிளிப் உடைந்திருக்கும் அல்லது வயர்க் கற்றை தொங்கும். பூட்டுக் கம்பிக்கும் வயருக்கும் துணி டேப் சுற்றினால் போதும். எல்லாம் அழுத்தியும் நிற்காமல், கூம்பை இரண்டு கட்டைவிரலால் நேராக அழுத்தும்போது உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் இடிக்கிறது. அந்த ஸ்பீக்கருக்கு மட்டும் மாற்றுதான் மருந்து.

நிற்கும்போது உண்டு, ஓடும்போது இல்லை

டயர் இரைச்சலின் பெரும்பகுதி இதே கீழ் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அது மிட்பேஸை மூடிவிடும். ஓட்டத்துக்கென்று தனி பிரீசெட் ஒன்றில் 80 முதல் 160 வரை 2, 3 டெசிபெல் ஏற்றி வையுங்கள். வண்டியை நிறுத்தியதும் பழையதற்கு மாற்றுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் பள்ளம், ஈக்யூ ஏற்றினாலும் எழவில்லை

ஆர்.டி.ஏ.வில் பள்ளம் தெரியும் அதிர்வெண்ணை 6 டெசிபெல் ஏற்றுங்கள். பள்ளம் நிரம்பினால் அது வெறும் குறைவு. பாதி ஏற்றிவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். ஏற்றியும் பள்ளம் பள்ளமாகவே நின்றால் அங்கே இரண்டு அலைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இரண்டையும் சேர்த்து ஏற்றுவதால் வெட்டும் சேர்ந்து ஏறுகிறது, வாட் வீணாகிறது. ஏற்றியதை உடனே இறக்கிவிடுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பள்ளம் மறைந்தால் இரு பக்கங்களுக்கிடையே டைம் டிலே பார்க்க வேண்டும், முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். மறையாவிட்டால் அது அந்த ஸ்பீக்கர் இருக்கும் இடத்தின் பிரதிபலிப்பு. அதை அப்படியே விட்டுவிட்டு, அதன் இரு பக்கத்திலும் உள்ள மேடுகளைச் சற்று இறக்கினால் காதுக்குச் சமமாகப்படும்.

எல்லாம் சரி, இன்னும் போதவில்லை

இப்போது ஸ்பீக்கரைப் பற்றிப் பேசலாம். விவரத் தாளில் க்யூ.டி.எஸ். (Qts) என்ற எண்ணைப் பாருங்கள்; கூம்பின் அசைவு எவ்வளவு கட்டுப்படுகிறது என்பதை அது காட்டும். கதவு மாதிரி பெரிய, கசியும் இடத்துக்கு 0.5 முதல் 0.7 வரை இருப்பவை பொருந்தும். 0.3 வாக்கில் இருப்பவை டியூன் செய்த பெட்டிக்காகப் பிறந்தவை. கதவில் போட்டால் எத்தனை காந்தம் இருந்தாலும் சன்னமாகத்தான் பாடும். உச்ச வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். கூம்பு ஒரு பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நேராக ஓடும் என்ற எண்தான் உங்களுக்குத் தேவை.

அளவு இன்னொரு விஷயம். ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு 135 சதுர செ.மீ. வாக்கில்; எட்டங்குலத்துக்கு 215 வாக்கில். அதே ஓட்டத்தில் எட்டங்குலம் ஏறக்குறைய 4 டெசிபெல் கூடுதலாகத் தரும். கதவில் இடம் இருந்தால் அதைப் போல நிறைவானது வேறில்லை. ஆனால் எட்டங்குலம் மேலே போகப் போக ஒலியை ஒரே திசையில் குவிக்கும். அதனால் குரலுக்குத் தனியாக ஒரு சிறிய மிட்ரேஞ்ச் வேண்டியிருக்கும், ஆம்ப்பில் இரண்டு சேனல் கூடும். வாங்கும் முன் ஜன்னலை முழுக்க இறக்கி, உள் தகட்டிலிருந்து கண்ணாடி வரை எத்தனை செ.மீ. என்று அளந்து, வளையத்தின் தடிமனைக் கூட்டி, ஸ்பீக்கரின் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.